உச்சி கிழிந்த தொப்பிகள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியவில்லை. ஆறடி வளர்ந்திருப்பான், தோள் இரண்டும் கதவு அகலத்துக்கு இருக்கும், பிய்ந்த பொத்தானை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வளர்த்த கோழிக்குஞ்சு செத்துப்போன மாதிரி என் முன்னால் வந்து நிற்பான். "ஊசியில நூல் கோக்கத் தெரியுமாடா?" என்று கேட்டால் சிரிப்பான். நாளைக்கு இவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து எல்லையில் நிறுத்தப் போகிறார்கள். நாம் நிம்மதியாகத் தூங்க வேண்டுமாம்.

பெரியவர்கள் மட்டும் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்குப் பொத்தான் தைக்கத் தெரியும், பேச்சை நேராகப் பேசத் தெரியாது. அடித்தால் 'திருத்தினோம்' என்பார்கள். தப்பு செய்தால் 'நடைமுறைக் குறைபாடு' என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம், அதன் கீழே ஒரு கையெழுத்து. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். படிக்காமல் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தால் அவர்களுக்குப் பொறுமை போய்விடும். முரட்டுக் கிழவன் என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

ராணுவப் பயிற்சி முகாமின் வாசலைத் தாண்டியதும், சாமான் கிடங்குக்கும் முடிவெட்டும் அறைக்கும் நடுவில் இருப்பது என் தையல் கடை. கடை என்றால் பத்தடிக்கு எட்டடி அறை. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, மேலே தகரம். முப்பத்தொரு வருஷமாக இங்கே ஒப்பந்த டெய்லர். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேன்ட் நீளம் குறைப்பது, மார்பில் நம்பர் பட்டை தைப்பது, கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவது. மாதம் முந்நூறு உருப்படிக்குக் குறையாது.

கிழிசலைப் பார்த்தாலே எப்படிக் கிழிந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். முழங்கை தேய்ந்திருந்தால் தவழ்ந்திருக்கிறான். முட்டி கிழிந்திருந்தால் சரளைக்கல்லில் விழுந்திருக்கிறான். உட்காரும் இடம் கிழிந்திருந்தால் மதிலேறிக் குதித்திருக்கிறான். அது பயிற்சியாகவும் இருக்கலாம், சினிமாவுக்குப் போனதாகவும் இருக்கலாம். பயிற்சி என்றால் கிழியத்தான் செய்யும். ஆறு மாதமாகியும் கிழியாத உடுப்பைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கஷ்டம், கஷ்டம் என்று மூக்கைச் சிந்துகிற பையன்களைக் கண்டால் எரிச்சல் வரும். மெத்தை வேண்டுமானால் வீட்டிலேயே படுத்திருக்கலாமே.

ஆனால் தொப்பியின் உச்சி கிழிந்து நான் பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கொண்டுவந்தவர் மூன்றாவது பிரிவின் சார்ஜெண்ட். பையன்கள் அவருக்கு அரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரும்பைத் தேய்க்கிற அரம். மெலிந்த ஆள், குரலை உயர்த்த மாட்டார். உடுப்பு விஷயத்தில் மட்டும் அப்படியொரு கண்டிப்பு. ஒரு நூல் தொங்கினாலும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துவிடுவார். அந்த ஒரு காரணத்துக்காக எனக்கு அவர்மேல் மரியாதையும் இருந்தது.

மேஜைமேல் ஒரு சாக்கை வைத்தார்.

"டெய்லரே, இருபத்திரண்டு தொப்பி. வியாழக்கிழமை கமாண்டர் பரிசோதனைக்கு வர்றார். புதன் சாயங்காலம் வேணும்."

ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டேன். உச்சி வழியாக விரல் வெளியே வந்தது. அடுத்ததிலும் அப்படியே. எல்லாத் தொப்பியிலும் அதே இடம், அதே வட்டம்.

"என்ன சார் இது? எலி கடிச்சாக்கூட இப்படி அளந்து கடிக்காதே."

"சமநிலைப் பயிற்சி."

"அப்படின்னா?"

"டெய்லரே, உங்ககிட்ட நான் எந்த நம்பர் நூல் போடுறீங்கன்னு கேட்டேனா?"

கேட்கவில்லைதான். சாக்கை எடுத்து உள்ளே வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னவர் பக்கத்து அறை முடிவெட்டுகிறவர். ஊரில் நடக்கிறதெல்லாம் அவர் கத்தரிக்கோல் வழியாகத்தான் போகும்.

"அண்ணே, மூணாவது பிரிவு மண்டைங்களைப் பாத்தீங்களா? நடு உச்சியில காசு அளவுக்குத் தோல் காய்ச்சுப் போயிருக்கு. இருபத்திரண்டு பேருக்கும். எனக்கு மெஷின் ஓட்டவே பயமா இருக்கு."

"எப்படியாம்?"

"கடிகாரம்னு பேராம். தலை உச்சியைச் சிமெண்ட் தரையில ஊனணும். கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கணும். கால் விரலை ஊனிக்கிட்டு, உடம்பை வில்லா வளைச்சு, தலையைச் சுத்திக் காலாலயே நடக்கணும். தலை ஆணி, உடம்பு முள்ளு. முழு உடுப்புல இருக்கணும்னு தொப்பியோடதான்."

"எதுக்கு?"

"படுக்கை விரிப்புல சுருக்கம் இருந்தாக் கடிகாரம். ஷூ கயிறு நீளமாத் தொங்கினாக் கடிகாரம். ஒருத்தன் தப்பு பண்ணினா இருபத்திரண்டு பேருக்கும் கடிகாரம்."

"அப்படியே திருகித் திருகிப் பூமிக்குள்ள இறங்கிடுவானுங்களா?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் தொப்பிகளை எடுத்து உட்கார்ந்தேன். இதெல்லாம் என்ன கோமாளித்தனம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எனக்கென்ன, நான் டெய்லர். அதே துணியில் வட்டமாக வெட்டி ஒட்டுப் போட்டு, புதன்கிழமை கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் சாக்கு திரும்பி வந்தது.

"உங்க ஒட்டு பத்து நாள்கூடத் தாங்கல டெய்லரே. வயசாயிடுச்சா?"

என்னை எது வேண்டுமானாலும் சொல்லலாம், என் தையலைச் சொல்லக்கூடாது. உடம்பெல்லாம் எரிந்தது. மழையில் கிழிந்துபோன கூடாரம் ஒன்று கிடங்கில் கிடந்தது. கிடங்குக்காரனிடம் அதைக் கேட்டு வாங்கினேன். கேன்வாஸை இரண்டு மடிப்பாக வெட்டி, நடுவில் கம்பளித் துண்டு ஒன்று வைத்து, உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாக ஏழு சுற்றுத் தையல் போட்டேன். ஒரு தொப்பிக்கு ஒரு ஊசி என்று உடைந்தது. இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. அரம் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது தாங்கும்" என்றார்.

தாங்கியது. பதினைந்து நாள் ஒரு தொப்பிகூட வரவில்லை. முடிவெட்டுகிறவரிடம் போய், "பாத்தியா, என் தையல்கிட்டச் சிமெண்ட் தரையே தோத்துப்போச்சு" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் மத்தியானம் நம்பர் பட்டை தைக்க ஒரு பையன் வந்தான். முப்பத்தொன்றாம் நம்பர். கழுத்து நீளமாக இருந்ததால் பிரிவில் அவனைக் கொக்கு என்று கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது கையால் ஒவ்வொரு பொத்தானையும் தடவித் தடவிக் கழற்றினான். வலது கை சும்மா தொங்கியது.

"அந்தக் கைக்கு என்ன லீவா?"

"மரத்துப்போச்சு தாத்தா. ரெண்டு விரல் சொன்ன பேச்சே கேக்கல."

"டாக்டர்கிட்டப் போறதுதானே?"

"நோயாளிப் புத்தகத்துல சார்ஜெண்ட் கையெழுத்துப் போட்டாத்தான் போக முடியும். கேட்டேன். வலிக்குதான்னு கேட்டார். வலிக்கல, மரத்துப்போச்சுன்னேன். வலிக்கலைன்னா நல்லதுதானேன்னுட்டுப் போயிட்டார்."

"சாப்பாட்டுக் கூடத்துல புகார்ப் பெட்டி தொங்குதே. எழுதிப் போடு."

"அதுக்குச் சாவி அவர்கிட்டதான் தாத்தா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருபத்திரண்டு பேர் இருக்கீங்க. ஆளுக்கொரு வாய் இருக்கு. திங்கறதுக்கு மட்டும்தானாடா அது? கமாண்டர் வந்தாரே, அவர்கிட்டச் சொன்னா என்ன?"

"அவர் ஏதாவது குறை இருக்கான்னு கேட்டார் தாத்தா. சார்ஜெண்ட் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார்." அவன் என்னைப் பார்க்கத் திரும்பினான். கழுத்து திரும்பவில்லை, பீரோவை நகர்த்துகிற மாதிரி உடம்பு மொத்தமும் திரும்பியது. "முன்னாடி இவ்வளவு மோசம் இல்ல. எவனாவது ஒருத்தன் தொப்பியில பொத்தல் விழுந்துட்டா உடனே நிறுத்திடுவார். உடுப்பு கெட்டா அவருக்குப் பிடிக்காது. நாங்களே கொஞ்சம் அழுத்தித் தேய்ப்போம், சீக்கிரம் கிழியட்டும்னு. கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். இப்பக் கிழியவே மாட்டேங்குது. நேத்து ஒரு மணி நேரம்."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது.

"வந்து சொல்லியிருந்தா மெல்லிசாப் போட்டிருப்பேனேடா."

"நீங்க யார் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதே தாத்தா."

பட்டையைத் தைத்தேன். முட்டி கிழிந்த பேன்ட் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். காலையில் அரத்தைப் பார்த்துப் பேசுவது என்று நினைத்துக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே காலையில் கடையைத் திறந்தேன். அதற்குள் முடிவெட்டுகிறவர் ஓடிவந்தார். கொக்கு கடிகாரம் சுற்றும்போது கழுத்து மடங்கிச் சாய்ந்துவிட்டானாம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.

மூன்றாம் நாள் சாக்கு வந்தது. இந்தத் தடவை அரம் நின்றுகொண்டு பேசவில்லை, என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கேன்வாஸ் விதிமுறையில இல்ல டெய்லரே. எல்லாத்தையும் பிரிச்சுட்டுச் சாதா ஒட்டு போட்டுடுங்க. திங்கக்கிழமைக்குள்ள."

"நீங்கதான் சார் தாங்கலைன்னீங்க."

"தாங்கலைன்னுதான் சொன்னேன். கேன்வாஸ் போடுங்கன்னு சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான்.

"பையன் எப்படி இருக்கான்?"

"பங்கு மேல ஏறிக் குதிச்சு விளையாடியிருக்கான். வயசுக் கோளாறு." பங்கு என்றால் படுக்கைமேல் படுக்கை போட்ட கட்டில். சொல்லும்போது அவர் கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. "அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும் இல்ல? நான் நல்ல வார்த்தை சொல்றேன்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பிரிக்கத்தான் ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருஷம். இந்த வயதில் எனக்கு வேறெங்கே வேலை கொடுப்பார்கள்? ஏழு சுற்றுத் தையல், லேசில் வரமாட்டேன் என்றது. பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்தேன். ஆறு தொப்பி முடிந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். டவுன் பஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிற காக்கிச் சட்டை.

"பெரியவரே, முப்பத்தொண்ணாம் நம்பரோட பேன்ட் ஒண்ணு உங்ககிட்ட இருக்காம். எல்லாத்தையும் ஒப்படைச்சாத்தான் அவனை அனுப்புவாங்களாம். பட்டியல்ல ஒரு பேன்ட் குறையுதுன்னு என்னை ரெண்டு மணி நேரமா அலைய விடறாங்க."

"நீ யாரு?"

"அவனோட அக்கா."

பேன்ட்டைத் தேடி எடுத்தேன். முட்டி இன்னும் தைக்கவில்லை. "கொஞ்சம் இரு, தெச்சுத் தர்றேன். கிழிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு காகிதம் கேப்பானுங்க. உக்காரு. ஆனா இங்க உக்காந்து அழக்கூடாது."

"நான் அழலையே."

"அழப்போற மூஞ்சி மாதிரி இருக்கு."

"எனக்கு மூஞ்சியே அப்படித்தான்" என்றாள். உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. படிச்சுப் பாருங்க."

"நீயே படி. எனக்கு நேரமாகும்."

படித்தாள். விதிகளை மீறிக் கட்டில்மேல் விளையாடியதால் ஏற்பட்ட காயம். சொந்தக் கவனக்குறைவு. பணிக்குத் தகுதியில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கழுத்து எலும்பு நகர்ந்து நரம்பை அமுக்குது, இன்னும் பத்துப் பன்னெண்டு நாளுக்குள்ள அறுத்துச் சரி பண்ணலைன்னா அந்த விரல் திரும்பாதுன்னு டாக்டர் சொல்றார். பயிற்சியில பட்ட காயம்னு எழுதினா ராணுவ ஆஸ்பத்திரியிலேயே பண்ணுவாங்க. விளையாட்டுல பட்டதுன்னா நாங்கதான் பாத்துக்கணும். நான் பஸ் ஓட்டறேன், பெரியவரே. எங்க பாத்துக்கறது?"

"உன் தம்பி என்ன சொல்றான்?"

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். மத்தவங்களுக்குத் தண்டனை கிடைக்குமாம். எனக்கு அவனை அறையணும் போல இருக்கு, கழுத்துல பட்டை போட்டிருக்கான்." காகிதத்தை மடித்தாள். "திங்கக்கிழமை விசாரணைன்னு ஒண்ணு வெக்கறாங்க. பிரிவுல எல்லாரும் கட்டில் கதையையே சொல்லப் போறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

இதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. பேன்ட் ஒரு சாக்கு. என்னிடம் கறந்துகொண்டு போய், நாளைக்கு இவள் பேரம் பேசி எதையோ வாங்கிக்கொண்டு போய்விடுவாள், நான் தெருவில் நிற்பேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் டெய்லர்."

மேஜைமேல் குவிந்திருந்த கேன்வாஸ் வட்டங்களை அவள் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பேன்ட்டை மடித்து வாங்கிக்கொண்டு, "தையல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏழாவது தொப்பியை எடுத்தேன். உள்பட்டையில் மை கொண்டு எழுதிய நம்பர்: முப்பத்தொன்று. என் தையலுக்குள் முடி சிக்கியிருந்தது. வெட்டிய முடி இல்லை, வேரோடு வந்தது. பிளேடை நூலுக்கடியில் கொடுத்தேன். நூல் அறுபடவில்லை. இன்னொரு தடவை கொடுத்தேன், விரலை அறுத்துக்கொண்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பிளேடைத் திட்டினேன். பிறகு பதினாறு தொப்பியையும் சாக்கில் போட்டு, வாயைத் தைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். கூட்ட அறை வாசலில் இருந்த சிப்பாய் மறித்தான்.

"பட்டியல்ல உங்க பேர் இல்லையே தாத்தா."

"பட்டியலை நீயே வெச்சுக்க. வழியை விடு."

உள்ளே நீளமான மேஜை. நடுவில் ஒரு மேஜர், ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வந்த வக்கீல் அம்மா. அரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அக்காக்காரி. மேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் இவர்?"

"டெய்லர். மூணாவது பிரிவோட தொப்பி என்கிட்டத் தைக்க வந்தது. அதைப் பத்திப் பேசணும்."

"இங்க விசாரணை நடக்குது பெரியவரே. தொப்பியை அப்புறம் பேசிக்கலாம்."

"பேசட்டும்" என்றார் வக்கீல் அம்மா.

சாக்கைப் பிரித்து மேஜைமேல் கொட்டினேன். தூசி பறந்தது. டாக்டர் முப்பத்தொன்றாம் நம்பரை எடுத்து உச்சியைத் தடவினார். சிக்கியிருந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டில்லேருந்து குதிச்சா இருபத்திரண்டு தொப்பியும் ஒரே இடத்துல தேயாது" என்றேன். "ஆறை நானே பிரிச்சுட்டேன். பிரிக்கச் சொன்னவர் அதோ உக்காந்திருக்கார்."

மேஜர் அரத்தைப் பார்த்தார். அரம் எழுந்து நின்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"சமநிலைப் பயிற்சி சார். நான் சேர்ந்தப்ப எனக்கும் இதையேதான் கொடுத்தாங்க. நான் சாகல. போர்ல எவனும் இவங்களுக்குத் தலையணை தர மாட்டான். புரியாத கட்டளையையும் கேக்கப் பழகணும், வலியைப் பொறுக்கப் பழகணும். அது பயிற்சி இல்லையா?"

அதில் பாதி எனக்கும் சரி என்றுதான் பட்டது. மறைத்து என்ன பிரயோசனம்?

வக்கீல் அம்மா என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, கடுமையான பயிற்சிக்கும் துன்புறுத்தலுக்கும் எங்க கோடு போடுவீங்க?"

"நீங்க படிச்சவங்க, என்னைக் கேக்கறீங்க. எனக்குத் துணிதான் தெரியும். போர்ல தவழணும், அதனால முழங்கை கிழியுது. ஓடணும், விழணும், முட்டி கிழியுது. அதெல்லாம் நான் முப்பத்தொரு வருஷமாத் தெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டதில்ல. தலை உச்சியைத் தரையில ஊனிக்கிட்டு எந்த எதிரியைச் சுடப் போறானுங்க?"

டாக்டர் சிரிப்பை அடக்க வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

வக்கீல் அம்மா அரத்திடம் கேட்டார்: "இதை எப்ப நிறுத்துவீங்க? எவ்வளவு நேரம்னு கணக்கு உண்டா?"

முதல் தடவையாக அரம் பதிலுக்குத் தேடுகிறதைப் பார்த்தேன். அந்தப் பதிலும் என்னிடம்தான் இருந்தது.

"தொப்பி கிழிஞ்சா நிறுத்துவாரும்மா. உடுப்பு கெடக்கூடாதே. துணி இத்துப்போனதால இந்தப் பையன்கள் பொழைச்சுக் கிடந்தாங்க. என் ஒட்டு தாங்கலைன்னு அவர் சொன்னது எனக்குச் சுருக்குன்னு தைச்சது. கிழியாத மாதிரி கேன்வாஸ் போட்டுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் நிறுத்தறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. அதையும் எழுதிக்கங்க. என் பேரையும் போடுங்க."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. மேஜர் தொண்டையைச் செருமினார். நான் அக்காக்காரியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வெளியே வந்து கடையில் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு பேன்ட்டை நீளம் குறைக்கப் போய் அளவு தப்பி, முழங்காலுக்கு வெட்டிவிட்டேன்.

மறுநாள் காகிதம் மாறியது. பயிற்சியின்போது ஏற்பட்ட காயம் என்று எழுதிவிட்டார்கள். நாலாம் நாள் கொக்கின் கழுத்தை அறுத்துச் சரிசெய்தார்கள். அக்காக்காரி முடிவெட்டுகிறவரின் போனுக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசினாள்.

"ஒரு விரல் அசையுது பெரியவரே. இன்னொண்ணுக்கு ஆறு மாசம் பொறுக்கணுமாம்."

"ம். ஊசியில நூல் கோக்கச் சொல்லு. விரலுக்கு நல்லது."

"உங்கமேல எனக்குக் கோபம் இருக்கு."

"இருக்கட்டும்" என்றேன். "இருக்க வேண்டியதுதான்."

அத்தோடு விட்டிருந்தால் நானும் ஏதோ நல்லது நடந்தது என்று நம்பியிருப்பேன். மூன்றாவது வாரம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். குமாஸ்தா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தேநீர் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம்.

"விசாரணைக் குழு உங்களை ரொம்பப் பாராட்டியிருக்கு டெய்லரே."

"சார்ஜெண்ட் எங்க?"

"மாற்றல் ஆயிட்டார். வேற முகாம்."

"அங்க என்ன வேலை?"

"பயிற்சிதான். அவருக்கு வேறென்ன தெரியும்?" குமாஸ்தா ஒரு காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். "இது குழுவோட பரிந்துரை. பாதுகாப்பு நடவடிக்கை. இனிமே புதுசாச் சேர்ற எல்லாரோட தொப்பியிலயும் உச்சியில பஞ்சு வெச்சுத் தைக்கணும். ரெண்டு விரல் கனம். உங்களைவிட்டா யார் செய்வாங்க? உங்க ஒப்பந்தமும் இதோடயே புதுப்பிச்சாச்சு. ரெண்டும் ஒரே கட்டு, கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டினேன். பஞ்சின் தரம் எழுதியிருந்தது. தையலின் இடைவெளி எழுதியிருந்தது. உறையின் நிறம்கூட எழுதியிருந்தது. குமாஸ்தா பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நாலு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

"எதைத் தேடறீங்க டெய்லரே?"

"பையன்களோட தலையைத் தரையில ஊன வெக்காதேன்னு ஒரு வரி. எங்கயும் காணோமே."

"அது வேற பிரிவுல வருது. பரிசீலனையில இருக்கு."

"ரெண்டு விரல் கனம் பஞ்சு வெச்சா எவ்வளவு நேரம் நிக்கலாம்? அதையாவது எழுதியிருக்கா?"

"நீங்க எல்லாத்தையும் தப்பாவே எடுத்துக்கறீங்க பெரியவரே. குழுவுல டாக்டர் இருக்கார், வக்கீல் இருக்காங்க. நாலு பேர் உக்காந்து யோசிச்சு, பையன்களோட நல்லதுக்குத்தானே செய்யறாங்க? கொஞ்சம் நம்பிக்கை வேணும்."

இதே பேச்சை நான் இந்த முகாமில் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. காகிதக் கட்டை நேராக அடுக்கி, அவர் பக்கமே தள்ளினேன். பேனாவைத் தொடவில்லை.

"அப்ப ஒப்பந்தம்?" என்றார் குமாஸ்தா.

"அதுவும் அதே கட்டுலதானே இருக்கு."

"வேற டெய்லரைப் பாத்துக்குவாங்க. அவன் தெச்சுக் கொடுப்பான். உங்களால என்ன ஆகப்போகுது?"

அவர் சொன்னது சரிதான். எவனாவது தைத்துக் கொடுக்கத்தான் போகிறான். என்னைவிட நன்றாகக்கூடத் தைப்பான். தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன்.

கடைக்குப் போய் என் கத்தரிக்கோல் இரண்டையும் அளவு நாடாவையும் பையில் போட்டுக்கொண்டேன். மெஷின் இரண்டும் அவர்களுடையவை. முடிவெட்டுகிறவர் ஒரு பையனின் தலையைப் பிடித்துக்கொண்டே, "எங்கண்ணே பட்டப்பகல்ல கிளம்பிட்டீங்க?" என்றார். சாவியை அவர் மேஜையில் வைத்தேன்.

வாசலில் புதிதாகச் சேர வந்தவர்கள் பெட்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஒருவன் என்னை வழிமறித்து, "தாத்தா, இங்க பயிற்சி எல்லாம் எப்படி, ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டான்.

"கஷ்டமாத்தான் இருக்கணும்" என்றேன். "எதுக்குன்னு கேட்டா எவனுக்காவது பதில் தெரியுதான்னு மட்டும் பாரு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்தவன் கிழவனுக்குக் கிறுக்கு என்று ஜாடை காட்டினான். போகட்டும். நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.